உபவாசம் இல்லாத பைபிள்

ஞானசுந்தரி மயங்கி விழுந்தது ஒரு புதன்கிழமை. தங்கச் சுரங்கத்தின் கல் பொறுக்கும் கொட்டகையில் கூடையைத் தலைக்குத் தூக்கினவள், கூடையோடு சாய்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் முகத்தில் தண்ணீர் அடித்து உட்கார வைத்தார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "முழுகாம கீற பொம்பளைக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தி அனுப்ப மாட்டானா அவ புருஷன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

புருஷன் டேவிட் அப்போது பூமிக்கு அடியில் இருந்தான். லெவல் என்று சொல்லும் சுரங்கத் தளத்தில் கூரை இடிந்து விழாமல் மரம் நிறுத்துவது அவன் வேலை. ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற கூண்டில் மேலே வந்தவனிடம், மேஸ்திரி சொன்னதை ஆளாளுக்குச் சொன்னார்கள். வீட்டில் கஞ்சிக்கு ஒன்றும் குறைவில்லை. களி கிண்டிவைத்த சட்டியில் அவள் பங்கு அப்படியே இருந்தது. மகள் வின்னிக்கு ஊட்டிவிட்டு, டேவிட்டுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. புதன்கிழமை அவளுக்கு உபவாசம்.

வின்னிக்கு ஆறு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. பூதிகோட்டை வைத்தியர் நெற்றியில் சூடு போட்டார், நிற்கவில்லை. ஆஸ்பத்திரி கம்பவுண்டர் கசப்பாக ஒரு பாட்டில் கொடுத்தார், அதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆண்டர்சன்பேட்டை ஜெபக்கூடத்தில் உபதேசியார் ஏனோக் ஒரு பிரசங்கம் செய்தார். வலிப்பு வந்த பிள்ளையை ஒரு தகப்பன் கூட்டிவருகிறான். சீஷர்கள் முயன்று பார்க்கிறார்கள், முடியவில்லை. ஆண்டவர் வந்து ஒரே வார்த்தையில் குணமாக்குகிறார். எங்களால் ஏன் ஆகவில்லை என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இந்த வகையெல்லாம் ஜெபமும் உபவாசமும் இருந்தால்தான் போகும் என்கிறார் ஆண்டவர்.

வின்னியை மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்த ஞானசுந்தரிக்கு, இது தன் பேருக்கே வந்த சேதி மாதிரி இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையே ஆரம்பித்தாள். வலிப்பு நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் உபவாசம் போதவில்லை என்பதுதான் என்று முடிவுசெய்து புதன்கிழமையைச் சேர்த்தாள். பிறகு திங்கட்கிழமையையும் சேர்த்தாள். அதற்குள் வயிற்றில் இன்னொன்று தங்கிவிட்டது. அதற்காக அவள் ஒரு நாளையும் குறைக்கவில்லை.

"ஏம்மே, வயித்துல கீறது இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று கேட்டான் டேவிட்.

"அதுக்கும் சேத்துத்தான் இருக்கறேன்."

"நீ பூட்டா வின்னிய ஆரு பாப்பாங்க?"

"வேதத்துல போட்டுக்கீது. அது பொய்யா?"

ஞானசுந்தரி மற்ற எதிலும் அவன் சொன்னதைக் கேட்பாள். இதில் மட்டும் ஆண்டவர் சொல்லிவிட்டதால், அவன் வார்த்தைக்கு அங்கே இடமில்லை.

டேவிட் உபதேசியாரிடம் போனான். ஏனோக் பாயில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் ஆரம்பிச்சி வச்சீங்க. நீங்களே நிறுத்திடுங்க ஐயா. ஞாயித்துக்கெழமை அவகிட்ட ரெண்டு வார்த்த சொல்லுங்க."

"ஆண்டவர் வாயால சொன்னதை நான் எப்படிடா வேணாம்னு சொல்றது? நாளைக்கு எனக்குத் தீர்ப்பு இருக்குதில்ல."

"நீங்களும் வெள்ளிக்கெழமை இருக்கறீங்களே, நல்லாத்தான கீறீங்க. அது எப்படி?"

ஏனோக் முறுக்கைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் பத்து மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடியும். எட்டு மணிக்கு அவர் கஞ்சி குடிப்பார். ஒன்றரைக்குச் சோறு. "பத்துலேர்ந்து ஒண்ணு வரைக்கும் பச்சத் தண்ணி தொடமாட்டேன்" என்றார், உண்மையாகவே அதைப் பெரிய காரியமாக நினைத்து.

டேவிட்டுக்கு வழி கிடைத்தது டைம் ஆபீஸில். அங்கே குமாஸ்தாவாக இருந்த ஜெயகரன் இங்கிலீஷ் படித்தவன். வெள்ளைக்காரர்களின் ஞாயிறு ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார அவனுக்கு அனுமதி உண்டு. போன ஞாயிறு அங்கே நடந்ததை அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். புதிதாக வந்திருந்த இளம் பாதிரி பெல்லமி ஐயர், வழக்கமான பழைய இங்கிலீஷ் பைபிளை விட்டுவிட்டு, சீமையில் திருத்தி அச்சடித்த புது பைபிளிலிருந்து வாசித்திருக்கிறார். பாதியில் சுரங்கத்தின் மேலதிகாரி கேப்டன் ட்ரெவின் துரை தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இன்னா வித்தியாசமாம்?" என்றான் ஒருவன்.

"எம்மாமோ மாத்திட்டாங்க. சில எடத்துல வசனமே இல்ல. இருபதுக்கு அப்புறம் இருபத்திரெண்டு வருது. பிசாசு புடிச்ச பையன் கதையில உபவாசத்தையே எடுத்துட்டாங்களாம். ஐயர் அத்த வாசிச்சப்பத்தான் துரை எழுந்துட்டாரு."

கூலி டோக்கன் வாங்க நின்ற டேவிட், வரிசையை விட்டு ஜன்னலுக்கு வந்தான்.

"இன்னா எடுத்துட்டாங்க?"

"உபவாசத்த. ஜெபம் மட்டும்தான் கீது."

"பிசாசு புடிச்ச பையன்னா, வலிப்பு வருமே, அந்தப் பையன்தான?"

"அவனேதான்."

"கிளார்க்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அந்த ஐயர்கிட்ட என்னைக் கூட்டிகினு போங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டேவிட், ஜெயகரன், உபதேசியார் ஏனோக் மூவரும் பெல்லமி ஐயர் பங்களாவுக்குப் போனார்கள். ஐயர் டீ குடித்துக்கொண்டிருந்தார். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். பேசினால் அச்சுப் புத்தகம் வாய் திறந்த மாதிரி இருக்கும். வந்த காரியத்தை ஜெயகரன் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோலாருக்கு வந்த நாளிலிருந்து இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை. உள்ளே ஓடி இரண்டு பைபிளையும் கொண்டுவந்து, மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தார்.

"தாவீதே, கவனியும். இது முந்நூறு வருஷங்களுக்கு முன் ஓர் அரசருடைய கட்டளையினால் பெயர்க்கப்பட்டது. இதுவோ நம்முடைய காலத்து அறிஞர்களால் திருத்தப்பட்டது. மிகவும் புராதனமான கையெழுத்துப் பிரதிகள் பிற்பாடு கண்டெடுக்கப்பட்டன. அவைகளில் அந்தப் பதம் இல்லை."

"இன்னா சொல்றாரு?" என்றான் டேவிட்.

"ரொம்பப் பழைய ஏட்டுல உபவாசம் இல்லியாம்" என்றான் ஜெயகரன்.

"அப்போ பழைய பைபிள்ல எப்படி வந்துச்சாம்?"

"யாரோ ஒரு சந்நியாசி ஏட்டைப் பிரதி எடுக்கையில் சேர்த்திருக்கலாம்" என்றார் ஐயர். "ஆகையால் புதியது என்று சொல்லப்படுவதே பழையது. பழையது என்று சொல்லப்படுவது புதியது."

ஏனோக்குக்குத் தலை சுற்றியது. "எங்கப்பா காலத்துல தமிழ் பைபிளைத் திருத்துனாங்க. அப்பவே ஒரு கோயில் ரெண்டா உடைஞ்சிது. நமக்கு வாணாம் ஐயரே."

டேவிட்டுக்கு எது பழசு எது புதுசு என்பதில் அக்கறை இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுல உபவாசம் கீதா, இல்லியா?"

"வாசகத்தில் இல்லை. பக்கத்தின் ஓரத்தில், சில பிரதிகள் அதைச் சேர்க்கின்றன என்று சிறிய எழுத்தில் குறிப்பு உண்டு."

"ஓரத்துல கீறத்துக்கெல்லாம் பட்டினி கெடக்கணுமா?"

ஐயர் சிரித்தார். "அவசியமில்லை."

"அத்த என் பொஞ்சாதிகிட்ட வந்து சொல்லிடுங்க. அது போதும்."

ஐயர் டீக் கோப்பையை வைத்தார். முகத்தில் இருந்த மலர்ச்சி குறைந்தது. தமிழ்ச் சபைக்கு அங்கீகரிக்கப்பட்ட தமிழ் வேதத்தில் உபவாசம் இருக்கிறது, அதில் பிழை என்று சொல்லத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். மேலும் ஜெபக்கூடத்துக்குத் தகரக் கூரை போட்டுக்கொடுத்தது ட்ரெவின் துரை. அவர் ஏற்கெனவே மனம் நொந்திருக்கிறார். "இங்கிலீஷில் இது சத்தியம். தமிழில் இன்னும் காலம் வரவில்லை" என்று முடித்தார்.

திரும்பி வரும்போது ஜெயகரன் சொன்னான்: "உன் பொஞ்சாதிக்கு இங்கிலீஷ் கத்துக்குடுத்துடு டேவிட்டு. சோறு துன்ன ஆரம்பிச்சிடுவா."

பேச்சு எப்படியோ துரை காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலை ஷாஃப்ட் குழியின் வாயில் கேஜுக்கு நின்ற டேவிட்டைத் துரை கூப்பிட்டார். ஆறடி ஆள். கோட்டுப் பையில் கறியும் உருளைக்கிழங்கும் வைத்து மூடிச் சுட்ட ரொட்டி ஒன்று துணியில் சுற்றியிருந்தது. பத்து மணிக்கு அதைத் தின்பார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, பக்கத்தில் ஜெயகரன் தமிழில் சொன்னான்.

"அவங்கம்மா மடியில வச்சிப் படிச்ச பைபிளாம். சீமையில நாலு பேரு மேஜை போட்டு உக்காந்து அத்தக் கிழிச்சிட்டாங்களாம். இன்னிக்கி உபவாசத்த எடுப்பாங்க, நாளைக்கு நரகத்த எடுப்பாங்களாம். உன் பொஞ்சாதி இந்தக் கோலார் ஃபீல்டுலயே பெரிய விசுவாசியாம். அவளத் தடுத்தா நீ சாத்தானுக்கு வேலை செய்யறியாம்."

துரையின் கண் கலங்கியிருந்தது. டேவிட் அந்தத் துணி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துரை என்னிக்கெல்லாம் உபவாசம் இருப்பாருன்னு கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன். எனக்கு வேலை வேணும்" என்றான் ஜெயகரன். துரையிடம் இங்கிலீஷில் வேறு ஏதோ சொன்னான். துரை சந்தோஷமாக டேவிட்டின் தோளைத் தட்டினார்.

அந்த வாரமே ஜெபக்கூடத்தில் பழைய கட்சி, புதுக் கட்சி என்று இரண்டு உண்டாயிற்று. இங்கிலீஷில் ஒரு எழுத்துத் தெரியாதவர்கள்கூட ஏதாவது ஒன்றில் சேர்ந்தார்கள். பழைய கட்சிக்காரர்கள், உபவாசத்தைத் தொட்டால் கோயிலே போய்விடும் என்றார்கள். புதுக் கட்சிக்காரர்கள், சீமை அறிஞர்களே சொன்ன பிறகு நாம் யார் என்றார்கள். மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வாங்கிய இடத்தில் இரண்டு கட்சிக்கும் கைகலப்பு நடக்க இருந்தது. இரண்டு கட்சியிலும் ஒரு ஆள்கூட அதுவரை ஒருவேளைச் சோற்றை விட்டதில்லை. விட்டவள் ஒருத்திதான். அவளிடம் யாரும் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை.

இதைப் பற்றி அவளிடம் பேச்சு எடுத்தது பக்கத்துத் தட்டி வீட்டு கிருஷ்ணம்மா மட்டும். வின்னி பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தவள் அவள். "இன்னாடி, உங்க புஸ்தகத்துல அடிச்சித் திருத்தறாங்களாமே. எங்க மாரியாத்தாளுக்குப் புஸ்தகமே இல்ல. எவன் வந்து இன்னாத்த அடிப்பான்?"

"அதெல்லாம் ஆம்பளைங்க பேச்சுக்கா" என்றாள் ஞானசுந்தரி. கட்சிகளைப் பற்றி அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். பழைய கட்சியைத் திருப்திப்படுத்த ஏனோக் அன்றைக்கு நீட்டி ஜெபித்தார். முழங்காலில் நின்றிருந்த ஞானசுந்தரி பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள். கண் மேலே செருகியிருந்தது.

"ஆவியில விழுந்துட்டா" என்றார் பழைய கட்சிக்காரர் ஒருவர். "ஸ்தோத்திரம்" என்றார்கள் நாலைந்து பேர். இன்னும் ஒருவர் பாட்டு எடுத்தார். ஏனோக்குக்கே புல்லரித்துவிட்டது. அவர் ஜெபத்தில் அதுவரை யாரும் விழுந்ததில்லை. எல்லோரும் கையை உயர்த்திப் பாடிக்கொண்டிருக்க, நடுவில் அவள் தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக் கிடந்தாள். வின்னிதான் அம்மாவின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அழுதாள்.

அன்றைக்கு டேவிட்டுக்கு ராத்திரி ஷிப்ட். அவளுக்காக வெளியே நின்றிருந்தவன் மகள் அழுகிற சத்தம் கேட்டு உள்ளே வந்தான். பாடுகிறவர்களை விலக்கிக்கொண்டு போய்த் தூக்கினான்.

"ஆவியானவர் கிரியை செய்றாருடா, தொடாத" என்றார் ஒருவர்.

"பசிடா அது, எடு கைய" என்றான் டேவிட்.

அவளைக் கிருஷ்ணம்மாவிடம் விட்டுவிட்டு நேராக ஐயர் பங்களாவுக்கு நடந்தான். இந்தத் தடவை ஜெயகரனைக் கூட்டிப்போகவில்லை.

"ஐயரே, அவ செத்தா அடக்கம் பண்ண வருவீங்க இல்ல?"

"தாவீதே, இது என்ன வார்த்தை?"

"வருவீங்க. கறுப்பு அங்கி போட்டுகினு, தமிழ்லதான் வாசிப்பீங்க. அதுக்கு அதிகாரம் கீது. அந்தத் தமிழ இப்பவே வந்து பேசுங்க."

பெல்லமி ஐயர் கெட்டவர் அல்ல. இரண்டு பைபிளையும் எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஏனோக்கும் சேர்ந்துகொண்டார், விழுந்தவளைப் பார்க்க.

தட்டி வீட்டில் ஐயர் நிமிர்ந்து நிற்க முடியாது. குனிந்து வந்து தரையில் உட்கார்ந்தார். ஞானசுந்தரி சுவரில் சாய்ந்திருந்தாள். கிருஷ்ணம்மா கொடுத்த வெல்லத் தண்ணீரைத் தொடாமல் பக்கத்தில் வைத்திருந்தாள். ஐயர் இரண்டு புத்தகத்தையும் அவள் முன்னால் விரித்தார். அவளுக்குத் தமிழே படிக்க வராது. ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

"மகளே, இதிலே உபவாசம் என்று இருக்கிறது. இதிலே இல்லை. இல்லாததுதான் சரி என்று கற்றவர்கள் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே விசுவாசிக்கிறேன்." சொல்லிவிட்டு, வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

அவள் புதுப் புத்தகத்தின் பக்கத்தில் விரலை வைத்தாள். "இந்த எடத்துலயா இல்ல?"

"ஆம்."

"ஆண்டவர் சொல்லவே இல்லியா?"

"சொல்லவில்லை என்றே தோன்றுகிறது."

"அப்போ நான் இத்தினி நாளு கெடந்தது?"

ஐயர் புத்தகத்தின் ஓரத்தை விரலால் நீவினார். ஏனோக் தொண்டையைச் செருமினார். டேவிட் மட்டும் முகத்தில் சந்தோஷத்தை மறைக்க முடியாமல், "அத்த வுடு மே. இனிமே துன்னலாம். ஐயரே சொல்லிட்டாரு" என்றான்.

"இப்போ இன்னா பண்ணணும்னு போட்டுக்கீது?"

"ஜெபம். ஜெபம் ஒன்றே போதும்" என்றார் ஐயர்.

ஞானசுந்தரி விரலை எடுத்துவிட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்று ஆண்களும் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"எனக்கு ஜெபம் பண்ண வராது ஐயரே" என்றாள்.

"என்னம்மா சொல்ற? வாராவாரம் முழங்கால் போடறியே" என்றார் ஏனோக்.

"முழங்கால்தான் போடறேன். உங்கள மாதிரி வாய் வராது. கண்ண மூடுனா ஒண்ணும் தோணாது. ஆண்டவர்கிட்ட போயி நான் இன்னான்னு பேசறது? எனக்குப் பட்டினி கெடக்கத் தெரியும். சின்னதுலேர்ந்து தெரியும். ஜெபமும் உபவாசமும்னு நீங்க சொன்னப்போ, ஒண்ணு வரலன்னாலும் இன்னொண்ண சேத்துச் செஞ்சிடலாம்னு பாத்தேன். எனக்குத் தெரிஞ்சத எடுத்துட்டு, தெரியாதத வச்சிட்டீங்களே."

ஐயர் தன் முன்ஷித் தமிழில் எதையோ தேடினார். பிரதிகளைப் பற்றி அவருக்கு எவ்வளவோ தெரியும். இதற்கு ஓரக் குறிப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"நான் சொல்லித்தர்றேன்மா. நாலு வரி மனப்பாடம் பண்ணிக்க" என்றார் ஏனோக்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. டேவிட் பக்கம் திரும்பினாள்.

"இந்த புஸ்தகம் நல்லாக் கீதுன்னு ஊரெல்லாம் ஓடுனது நீதான?"

"ஆமா."

"அப்போ நீ பண்ணு. நீ ஜெபம் பண்ணு, நான் துன்றேன். நீ வாய மூடுனா நானும் மூடிடுவேன்."

"நானா?" என்றான் டேவிட். கோயிலுக்குள் அவன் கால் வைப்பது கிறிஸ்துமஸுக்கும் கல்யாணத்துக்கும்தான். வேலையிடத்தில் அவன் வாயிலிருந்து வருகிற வார்த்தைகளை ஏனோக் ஒரு தரம் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"மிகவும் உத்தமமான தீர்மானம்" என்று ஐயர் சட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. புத்தகங்களை எடுத்துக்கொண்டு, தான் வந்ததை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். ஏனோக்கும் பின்னாலேயே போனார்.

கிருஷ்ணம்மா தன் வீட்டிலிருந்து சோற்றுச் சட்டியும் கீரைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். ஞானசுந்தரி கையைக் கழுவிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். வின்னி பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். டேவிட் முழங்கால் போட்டான். மூட்டு வலித்தது. குந்தி உட்கார்ந்தான்.

"ஆண்டவரே" என்றான். அதோடு நின்றது.

அவள் கை தட்டின் மேலேயே நின்றது.

"ஆண்டவரே, நான் டேவிட்டு. மரம் கட்ற டேவிட்டு." தட்டைப் பார்த்தான். அவள் ஒரு வாய் எடுத்தாள். "இது என் பொண்ணு வின்னி. இதுக்கு வலிப்பு வருது. உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்…" கெட்ட வார்த்தை ஒன்று நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கினான். அவள் கை நின்றுவிட்டது.

"இரு மே, இரு. சொல்றேன். ஆண்டவரே, மூணு நாளா லெவல்ல தண்ணி கசியுது. மரமெல்லாம் ஊறிப் பூட்ச்சி. மாத்துன்னா எங்க லெவல் மேஸ்திரி கேக்க மாட்டேன்றான். அவன் புத்தியக் கொஞ்சம் திருத்து."

அவள் சாப்பிட்டாள். அவன் மேஸ்திரியைப் பற்றி இன்னும் சொன்னான். கேஜ் கயிறு பழசானதைச் சொன்னான். துரை தட்டின தோள்பட்டையில் பழைய வலி இருப்பதைச் சொன்னான். வின்னிக்கு நாய்க்குட்டி ஒன்று வேண்டும் என்பதைச் சொன்னான். நாய்க்குட்டி என்றதும் வின்னி நிமிர்ந்தாள். எல்லாவற்றுக்கும் நடுவில் மறுபடி மறுபடி, "வலிப்ப நிறுத்து, எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்று வந்து சேர்ந்தான். வெளியே கிருஷ்ணம்மா சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. அவனுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. பாறையில் ஷிப்ட் முழுக்க நின்றாலும் இவ்வளவு வேர்த்திருக்காது.

தட்டு காலியாயிற்று. "ஆமென்" என்று அவசரமாகச் சொல்லி எழுந்திருக்கப் பார்த்தான்.

ஞானசுந்தரி சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கறேன்" என்றாள். "நிறுத்தாத."